கட்டில் கற்பித்த பாடம்

ஆசிரியர்களாகிய நமக்கு ஓசை என்றாலே பகை. வகுப்பில் ஒரு நாற்காலி நகர்ந்தாலும் நம் புருவம் உயர்ந்துவிடும். அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்று கால் நூற்றாண்டுக் காலம் நானும் நம்பியிருந்தேன். அந்நம்பிக்கையை அசைத்தது, ஓடும் வண்டியில் ஓயாது கடகடத்த ஒரு கட்டில் என்றால் நீங்கள் நகைக்கக்கூடும்.

2018ஆம் ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறையில் நானும் என் துணைவியாரும் நியூசிலாந்து சென்றிருந்தோம். கிறைஸ்ட்சர்ச் நகரில் பணிபுரியும் எங்கள் மகன், பழைய ‘மோட்டார்ஹோம்’ ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மேசை, கட்டில் யாவும் அடங்கிய நடமாடும் வீடு அது. தென் தீவின் ஏரிகளையும் பனிமலைகளையும் காண அதில் புறப்பட்டோம்.

நகர எல்லையைத் தாண்டியதுமே பின்புறக் கட்டில் பேசத் தொடங்கியது. தார்ச்சாலையில் முணுமுணுப்பு; சரளைச் சாலையிலோ பெருங்கூச்சல். பொறுமை இழந்த நான், “தம்பி, வண்டியைக் கொஞ்சம் நிறுத்து” என்றேன். என் கைலி ஒன்றையும் துண்டுகள் இரண்டையும் கட்டிலின் சட்டத்திற்கும் சுவருக்கும் இடையே அழுத்தித் திணித்தேன். ஓசை அடங்கியது. தலைமையாசிரியருக்கே உரிய பெருமிதத்துடன் இருக்கைக்குத் திரும்பினேன்.

அன்றிரவு டெக்காப்போ ஏரிக்கரையில் தங்கினோம். மறுநாள் புக்காக்கி ஏரியை ஒட்டிச் சென்று, 3,724 மீட்டர் உயரமுள்ள அயோராக்கி மலையின் அடிவாரத்தை அடைந்தோம். அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரத்தைக் கண்ட மகிழ்ச்சியில் உறங்கிய எங்களை, நள்ளிரவில் எழுந்த பேரோசை எழுப்பியது. கட்டிலின் ஒரு மூலை சரிந்து கிடந்தது.

விடிந்ததும் மெத்தையைத் தூக்கிப் பார்த்தோம். கட்டிலின் சட்டத்தைத் தாங்கிய இரும்புத் தாங்கி ஒன்று, ஒட்டுப்பலகையை விட்டுப் பெயர்ந்திருந்தது. நான்கு திருகாணிகளில் மூன்று கீழே உருண்டு கிடந்தன. நம் வீடுகள் நின்ற இடத்தில் நிற்பவை. அவற்றில் முடுக்கிய திருகாணி பல்லாண்டு அசையாது. இவ்வீடோ ஓடுவது. சாலையின் ஒவ்வோர் அதிர்வும் திருகாணியை மயிரிழையளவு தளர்த்துகிறது. தளர்ந்த திருகாணி தன் துளையைத் தானே அகலமாக்கிக்கொள்கிறது. அந்நிலையில் எழுவதுதான் கடகடவென்னும் ஓசை.

மகன் திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டே, “அப்பா, ரெண்டு நாளா இது இதைச் சொல்லத்தானே சத்தம் போட்டுச்சு? நாமதான் வாயை அடைச்சுட்டோம்” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

வேலையில் இறங்கினோம். அகன்ற துளைகளில் பசை தோய்த்த தீக்குச்சிகளைச் செருகி, உலர்ந்த பின் திருகாணிகளை முடுக்கினோம். வலிமை முழுவதையும் காட்டி முடுக்கினால் பலகை பொடிந்துவிடும். பிடித்ததும் கையை நிறுத்த வேண்டும். நெகிழிக் குமிழ்களில் தளர்ந்து ஆடிய குறுக்குச் சட்டங்களின் முனைகளில் என் துணைவியார் துணிப்பட்டைகளைச் சுற்றினார். பிறகு மகன் வெளியே நின்று வண்டியைத் தோளால் ஆட்ட, நான் உள்ளே ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்துச் செவிமடுத்தேன். கொண்டியில் இரும்போடு இரும்பு மோதுவது அப்போதுதான் புலனாயிற்று. அதற்கு மெத்தை போல் ஒட்டுவதற்காக, என் பழைய ரப்பர்ச் செருப்பை நறுக்கத் தொடங்கினேன்.

ரப்பர் என்னைத் தோட்டத்திற்கு இட்டுச் சென்றது.

1995ஆம் ஆண்டு நான் ஒரு தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியன். அங்கே ஒரு மாணவன் எந்நேரமும் காலை ஆட்டிக்கொண்டிருப்பான், மேசை தடதடக்கும். பிரம்பைக் காட்டினேன், பயனில்லை. கடைசி வரிசைக்கு அனுப்பி, மேசையைச் சுவரோடு சேர்த்துப் போடச் செய்தேன். ஓசை நின்றது. சில வாரங்களில் அவன் அங்கேயே தலைகவிழ்ந்து உறங்கலானான். உறங்கும் பிள்ளை தொல்லை தருவதில்லை. ஆகவே நான் எழுப்பவில்லை. ஆண்டு முடியுமுன் அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

பல மாதங்கள் கழித்து அவன் தாயைக் கடைத்தெருவில் கண்டேன். கணவரை இழந்த அவ்வம்மையாருக்குத் துணையாக, விடியுமுன் எழுந்து பால்மரக் காட்டுக்குப் போய்விட்டுத்தான் அவன் பள்ளிக்கு வந்திருக்கிறான். “தூக்கம் வந்துடக் கூடாதுன்னுதான் காலை ஆட்டிக்கிட்டே இருப்பேன்னு சொல்வான், சார்” என்றார்.

தொடக்கக் கல்வி நம் நாட்டில் சட்டப்படி கட்டாயமானது 2003ஆம் ஆண்டில்தான். அன்று அவனைத் தேடிச் செல்லும்படி எந்தச் சட்டமும் என்னைப் பணிக்கவில்லை, நானும் செல்லவில்லை. நோயைக் கண்டால் அதன் காரணத்தைத் தேடச் சொன்ன வள்ளுவரின் ‘மருந்து’ அதிகாரத்தை அதே வகுப்பின் கரும்பலகையில் எழுதி விளக்கியவனும் நானே.

“அப்பா, முடிஞ்சதா?” என்று மகன் வெளியிலிருந்து கேட்டான். ரப்பர்த் துண்டைக் கொண்டியில் ஒட்டிவிட்டு இறங்கினேன். திரும்பும் வழியில் கட்டில் வாய் திறக்கவில்லை. ஆயினும் அவ்வமைதியை நான் உடனே நம்பிவிடவில்லை. தங்கிய இடந்தோறும் மெத்தையைத் தூக்கித் திருகாணிகளைத் தொட்டுப் பார்த்தேன்.

2019 சனவரியில் பள்ளி திறந்த இரண்டாம் வாரம், இளம் ஆசிரியை ஒருவர் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனை என் அறைக்கு அழைத்து வந்தார். “ஓயாமல் மேசையைத் தட்டுகிறான், ஐயா. எங்கே உட்கார வைப்பதென்றே தெரியவில்லை” என்றார்.

ஆசிரியையை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, சிறுவனை என் எதிரே அமரச் செய்தேன்.

“காலையில் என்ன சாப்பிட்டாய், தம்பி?” என்று கேட்டேன்.

அவன் வாய் திறக்க நெடுநேரமாயிற்று. நான் காத்திருந்தேன்.