வேகப் புள்ளிகள்

‘என்பிஏ 2கே’ கூடைப்பந்து மின்விளையாட்டில் அணி அமைக்கும்போது என் தம்பி முதலில் பார்ப்பது வேகப் புள்ளிகளைத்தான். எதிரணி திரும்பி வருமுன் பந்தைக் கூடையில் போட்டுவிடலாம் என்பது அவன் கணக்கு. சரிதான். ஆனால், ஓயாமல் ஓடவிட்டால் ஆட்டக்காரரின் தெம்பு கரைகிறது. எறியும் பந்தும் குறி தவறுகிறது.

நான் டென்வர் அணியை எடுப்பேன். அதன் நிகோலா யோகிச் வேகமாக ஓடுபவர் அல்லர். ஆனால், ஆள் நிற்கும் இடமறிந்து பந்தைக் கடத்துவார். நிஜத்திலும் 2023இல் அந்த அணி முதன்முறையாக என்பிஏ பட்டம் வென்றது அவரை நம்பித்தான்.

இதைத் தம்பியிடம் சொல்லக் காரணம் உண்டு. புது வேலையில் ‘நீ ரொம்ப ஸ்லோ’ என்று ஏச்சு வாங்கி வாடியிருக்கிறான். “யோகிச்சைப் பாருடா” என்றேன். யாருக்கு, எப்போது பந்து போகவேண்டும் என்று தெரிந்தவனும் அணிக்குத் தேவை.