கதைதானே மச்சி, விடு!

சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவலைப் படிச்சிட்டு "இது எப்படிடா நடக்கும்?"னு கத்துற ஒருத்தன் உங்க ஹாஸ்டல்லயும் இருப்பான். "கதைதானே மச்சி, விடு" என்று அவனை அடக்க நாலு பேரும் இருப்பார்கள். என் ஓட்டு கத்துறவனுக்குத்தான். காரணம், லேரி நிவன் 1970-இல் எழுதிய 'ரிங்வேர்ல்ட்'.

ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வளையம். ஆரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம். அகலம் 16 லட்சம் கிலோமீட்டர். உள்பக்கத்தில் கடல், மலை, மனிதர்கள். அவர்கள் கால் தரையில் நிற்க, வளையம் நொடிக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல் சுழல்கிறது. அந்த இழுவிசையைத் தாங்கும் பொருள் எதுவும் கிடையாது. நிவன் 'ஸ்க்ரித்' என்று ஒரு பெயரை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். ரசிகர்களும் ஒத்துக்கிட்டாங்க. ஒரு பொய் சொல்ல எழுத்தாளருக்கு உரிமை உண்டு, சரி. அதுக்கப்புறம் வர்ற கணக்கு?

1971-இல் பாஸ்டனில் உலக அறிவியல் புனைகதை மாநாடு. அந்த ஹோட்டல் வராண்டாவில் எம்.ஐ.டி. மாணவர்கள் கோஷமே போட்டார்கள்: "ரிங்வேர்ல்ட் நிலையற்றது!"

யோசிச்சுப் பாருங்க. வளையம் துளி பக்கவாட்டில் நகர்ந்தால், நட்சத்திரத்தை நெருங்கிய பக்கத்துக்கு ஈர்ப்பு கூடும். அதனால் இன்னும் நெருங்கும், ஈர்ப்பு இன்னும் கூடும். கடைசியில் மோதல்தான். எவ்வளவு வேகமா சுத்தினாலும் தப்பிக்க முடியாது. சனியின் வளையம் ஒரே திடத் துண்டாக இருக்க முடியாது என்று மேக்ஸ்வெல் 1859-இல் காட்டியதும் இந்த மாதிரிக் கணக்குதான். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்க பாஷையில், ஓபன் லூப்ல அன்ஸ்டேபிள்.

முதல் பதிப்பில் இன்னொரு கூத்து. தன் பிறந்தநாளை நீட்டிக்க மேற்கே போக வேண்டிய ஹீரோ, கிழக்கே போகிறான்! அதை அடுத்த அச்சில் திருத்திவிட்டார்கள். வளையத்தை அப்படித் திருத்த முடியுமா? அதுக்கு இன்னொரு நாவலே தேவைப்பட்டது: 'ரிங்வேர்ல்ட் இன்ஜினியர்ஸ்'. வளையத்தை நிலையில் நிறுத்த அதன் விளிம்பில் ராம்ஜெட்கள் இருந்தனவாம். பெரும்பாலானவற்றை விண்கலங்களுக்காகக் கழற்றிவிட்டார்கள். இப்போது வளையம் நகரத் தொடங்கிவிட்டது. கதையே அதுதான்! மாணவர்கள் "கதைதானே"ன்னு விட்டிருந்தா இந்த முடிச்சு கிடைச்சிருக்குமா?

ஃப்ளோரிடாவில் ஒரு பள்ளி வகுப்பும் கணக்குப் போட்டது: சில ஆயிரம் வருஷத்தில் மேல்மண் முழுக்கக் கடலடிக்குப் போயிடுமே? மனுஷன் அதுக்கும் அந்த நாவல்லயே குழாய் போட்டு, மண்ணைத் திரும்ப மேலே ஏத்திட்டார்.