போன வழியே திரும்பாத டிக்கெட்

உலகம் சுற்றி வர வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும்?" கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளைகளாக இருந்தால், "எத்தனை பாயிண்ட் வேணும்ணா?" இரண்டுக்கும் நான் உடனே பதில் சொல்வதில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொல்வேன். அதில் எந்தெந்த விசா இருக்கிறது, எது எப்போது முடிகிறது என்று பார்த்த பிறகுதான் வரைபடத்தைத் திறப்பேன்.

திருச்சியில் டிக்கெட் போடுவது என் தொழில். சொந்த ஊர் திருமழபாடி. கொள்ளிடத்தின் வடகரையில் எங்கள் ஊரிலும் திருமானூர், கண்டிராதித்தம் பக்கத்திலும் நெல்லையும் கரும்பையும் நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர் பலருக்கு இன்று ஒரே மாதிரி நிலைமை. மகன் டொரண்டோவில், மகள் சிட்னியில், மச்சினர் மகன் ஃப்ரீமாண்டில், தம்பி லண்டனில். ஒவ்வொருவரும் தனித்தனியாக அழைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சென்னைக்குப் போய், ஒரு நாட்டுக்குப் பறந்து, வந்த வழியே திரும்பி, மறுபடி அடுத்த நாட்டுக்கு என்றால் பணமும் போகிறது, உடம்பும் போகிறது. இவர்களுக்காகத்தான் நான் வட்டம் போடுகிறேன்.

ஒரு பெரியம்மா கேட்டார்: "ஏன் தம்பி, போன வழியே திரும்பி வந்தா என்ன? ஏன் பூமியைச் சுத்தணும்?" எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. பங்குனியில் திருமழபாடியில் நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம். கல்யாணத்துக்கு உதவிய ஊர்களுக்கு நன்றி சொல்லத் திருவையாற்று ஐயாறப்பர் புறப்படுகிறார் என்பது ஐதீகம். பழம் தந்த திருப்பழனம், சோறு தந்த திருச்சோற்றுத்துறை, பிறகு திருவேதிகுடி, திருக்கண்டியூர், பூ தந்த திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று போய்த் திருவையாற்றுக்கே திரும்புகிறது பல்லக்கு. எந்த ஊருக்கும் இரண்டு தடவை போவதில்லை, எந்த ஊரையும் விடுவதில்லை. "ஏழூர்ப் பல்லக்கு மாதிரி" என்றதும் பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

விமானக் கம்பெனிகளின் விதியும் ஏறக்குறைய அதேதான். ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் உலகம் சுற்றும் டிக்கெட்டில் கிழக்கே புறப்பட்டால் கிழக்கே, மேற்கே புறப்பட்டால் மேற்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அட்லாண்டிக்கை ஒரு தடவை, பசிபிக்கை ஒரு தடவை கடக்க வேண்டும். புறப்பட்ட நாட்டிலேயே முடிக்க வேண்டும். முதல் விமானம் ஏறிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். விலையை மைல் கணக்கு தீர்மானிக்கிறது: 29,000, 34,000, 39,000 என்று படிகள் உண்டு. ஒன்வேர்ல்டு கூட்டணியின் எக்ஸ்ப்ளோரர் டிக்கெட்டில் மைலுக்குப் பதிலாக எத்தனை கண்டம் தொடுகிறோம் என்பது கணக்கு. எந்த நாட்டில் தொடங்குகிறோமோ அதைப் பொறுத்து இரண்டிலுமே விலை மாறும். 24 மணி நேரத்துக்கு மேல் ஓர் ஊரில் தங்கினால் அது ஸ்டாப்ஓவர். அதற்குள் கிளம்பினால் வெறும் கனெக்‌ஷன். இடையில் ஒரு கூப்பனை, அதாவது டிக்கெட்டில் உள்ள ஒரு விமானத்தை, பயன்படுத்தாமல் விட்டால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை கூப்பனும் செல்லாமல் போகலாம். பெற்றோரிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கடைசி விதியைத்தான். "மாமா கார்லயே கூட்டிட்டுப் போறேங்கறார், அந்த ஃப்ளைட்டை விட்டுடலாமா?" என்று டொரண்டோவிலிருந்து ஒரு போன் வந்தால், அதற்கு விடை எப்போதும் 'வேண்டாம்'தான்.

மேலே சொன்ன குடும்பத்துக்கு நான் போடும் வட்டம் இது. சென்னையிலிருந்து லுஃப்தான்சாவில் ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக லண்டன். அங்கிருந்து ஏர் கனடாவில் டொரண்டோ. பிறகு ஃப்ரீமாண்டுக்குப் பக்கத்திலுள்ள சான் பிரான்சிஸ்கோ. யுனைடெட்டில் பசிபிக்கைத் தாண்டி சிட்னி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் சிங்கப்பூர் வழியாகச் சென்னை. கூட்டிப் பார்த்தால் 24,000 மைல் வரும். பூமத்திய ரேகையின் சுற்றளவு 24,900 மைல். ஆக, 29,000 மைல் படியில் இது தாராளமாக அடங்குகிறது. பாரிஸில் இருக்கும் சித்தப்பா மகளைச் சேர்த்தாலும் படி ஏறாது.

திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கு விமானம் இருக்கும்போது சென்னைக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. திருச்சி–சிங்கப்பூர் பறக்கும் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிளைதான் என்றாலும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இல்லை. தனி டிக்கெட்டாக வாங்கி ஒட்டலாம். ஆனால் அது தாமதமானால் அடுத்த விமானக்காரருக்குப் பொறுப்பில்லை. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 முதல் ஒன்வேர்ல்டு உறுப்பினர், திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறக்கிறது. ஆகவே ஒன்வேர்ல்டு வட்டமென்றால் திருச்சியிலேயே தொடங்கி அங்கேயே முடிக்கும் வாய்ப்பு உண்டு. குடும்பம் எந்த ஊர்களில் பரவியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கூட்டணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேற்கு நோக்கிப் போவதற்குக் காரணம் பருவம். நந்தி கல்யாணம் பார்க்காமல் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எங்கும் கிளம்பமாட்டார்கள். அது முடிந்து சித்திரையில் புறப்பட்டால் லண்டனில் இளவேனில், டொரண்டோவில் கோடை. கனடாவில் பனி விழுமுன் கலிபோர்னியா. அக்டோபரில் சிட்னி போனால் அங்கே வெயில் தொடங்கும். பொங்கலுக்கு ஊர். இதையே கிழக்கு நோக்கிப் போட்டால் சிட்னிக் குளிரில் தொடங்கி டொரண்டோப் பனியில் போய் மாட்டுவார்கள். மணிக்கணக்கு மாறுவதையும் மேற்கே போகும்போது உடம்பு சற்று எளிதாகத் தாங்கும். நாள் நீள்வதை ஏற்பதுபோல் நாள் சுருங்குவதை அது ஏற்பதில்லை. இன்னொரு வசதியும் உண்டு. வடகமும் ஊறுகாயும் கருவாடும் லண்டனிலும் டொரண்டோவிலும் கேட்பாரில்லாமல் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அங்கும் விதிகள் உண்டு. ஆனால் இந்த வட்டத்தில் உணவுப் பொருளுக்கு ஆஸ்திரேலியா போல் கெடுபிடி வேறெங்கும் இல்லை. அங்கே போய்ச் சேரும்போது பெட்டி காலியாகியிருக்கும்.

இந்த வரிசையை முடிவு செய்யும் கடைசி அதிகாரம் விசாவுக்கு. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்குக்கூட நமக்கு விசா வேண்டும். அமெரிக்க விசா கையில் இருந்தால் ஃப்ராங்க்ஃபர்ட்டில் விமானம் மாற மட்டும் தனி விசா தேவைப்படாது. ஆகவே நேர்காணலுக்கு அதிகம் காத்திருக்க வைக்கும் அமெரிக்க விசாவை முதலில் முடிப்பேன். அது பத்து வருடத்துக்குக் கிடைப்பது வழக்கம் என்பதால் முன்கூட்டி வாங்குவதில் நஷ்டமில்லை. பிறகு கனடா, பிறகு இங்கிலாந்து. ஆஸ்திரேலிய விசாவில் ஒரு தடவைக்கு எத்தனை மாதம் தங்கலாம் என்பதைப் படித்துவிட்டுத்தான் சிட்னி–சென்னை தேதியைப் போடுவேன்.

பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தி ஆவணப்படத்துக்காக உலகத்தைச் சுற்றியதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. படச்சுருள் எங்கெங்கே கிடைக்கும் என்று தெரிந்ததோ அங்கெல்லாம் போனார். ஏறத்தாழ ஒரு லட்சம் மைல். 1940இல் படம் வெளிவந்தது. அவருடைய பாதையைச் சுருள் வரைந்தது. எங்கள் ஊர்ப் பெற்றோரின் பாதையைப் பேரப்பிள்ளைகள் வரைகிறார்கள். நயாகராவையும் கோல்டன் கேட் பாலத்தையும் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி பாயிண்ட். உலகம் சுற்றும் டிக்கெட்டின் நடுவில் ஒரு துண்டைப் பாயிண்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. பசிபிக்கைத் தனியாகப் பாயிண்டில் கடந்தால் அந்த டிக்கெட்டில் பசிபிக் இல்லை, விதி உடைந்தது. பாயிண்டில் போவதென்றால் முழுச் சங்கிலியையும் ஒருவழிப் பயணங்களாகக் கோக்க வேண்டும். அதில் உண்மையான லாபம் உண்டு. காசு கொடுத்து ஒருவழி டிக்கெட் வாங்கினால் நீண்ட தூரத்துக்குச் சில சமயம் போய்வரும் டிக்கெட்டின் விலையையே கேட்பார்கள். பாயிண்டில் பெரும்பாலும் அதில் பாதிதான். ஏர் கனடாவின் ஏரோப்ளான் பாயிண்ட் திட்டத்தில் கூடுதலாக 5,000 பாயிண்ட் கொடுத்தால் வழியில் ஓர் ஊரில் தங்கிப் போகலாம். ஆனால் இடம் கிடைக்க வேண்டும். பயணத்துக்குப் பதினொரு மாதம் முன்பு அட்டவணை திறக்கும்போதே சில இருக்கைகளை விடுவார்கள். அப்போதே பார்க்க வேண்டும். இருக்கையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிரெடிட் கார்டு பாயிண்டை விமானக் கணக்குக்கு மாற்ற வேண்டும். மாற்றியது திரும்பாது. லண்டனில் புறப்படும் பயணத்துக்கு இங்கிலாந்து அரசு தனி வரி போடுகிறது, பிசினஸ் வகுப்பென்றால் அது இரண்டு மடங்குக்கும் மேல். பாயிண்டில் வாங்கினாலும் அந்த வரியைக் காசாகக் கட்டத்தான் வேண்டும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இந்தச் சங்கிலியைத்தான் நான் சொல்வேன். ஒன்று தவறினால் இன்னொன்றைப் போனிலேயே தேடிப் பிடிப்பார்கள். ஆங்கிலம் பேசத் தெரியாத, முழங்கால் வலியோடு நடக்கிற எங்கள் ஊர் அம்மாவுக்கும் ஐயாவுக்கும் அதை நான் போட்டுக்கொடுப்பதில்லை, பாயிண்ட் சும்மா கிடந்தாலும். ஒரே டிக்கெட்டாக இருந்தால் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இணைப்பு தவறும்போது அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது கம்பெனியின் கடமை. அந்தப் பொறுப்புக்காகத்தான் அந்த விலை. பிள்ளைகளிடம் மீதமிருக்கும் பாயிண்டை அவர்கள் சிட்னிக்கோ லண்டனுக்கோ அப்பா அம்மாவைப் பார்க்க வருவதற்குச் செலவிடச் சொல்வேன்.

பசிபிக் பயணத்துக்குத் தேதி குறிக்கும்போது பஞ்சாங்கமும் என் மேசையில் இருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் புதன் இரவு ஏறினால் சிட்னியில் இறங்குவது வெள்ளி காலை. தேதிக்கோட்டைத் தாண்டுவதால் வியாழன் காணாமல் போகிறது. அந்தப் பெரியம்மா பிரதோஷ விரதம் விடாதவர். "வியாழக்கிழமை பிரதோஷம் தம்பி, ப்ளேன்லயே இருந்துக்கறேன்" என்றார். "ப்ளேனிலும் வியாழன் சாயங்காலம் வராது பெரியம்மா, ராத்திரியிலேயே போய் ராத்திரியிலேயே விடிஞ்சிடும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். வெள்ளிக்கு மாற்றச் சொன்னார். அதே வகுப்பில் இடம் இருந்தது, மாற்றினேன். வியாழன் சாயங்காலம் ஃப்ரீமாண்ட் கோவிலில் பிரதோஷம் பார்த்துவிட்டு மறுநாள் ஏறலாம். சனிக்கிழமைதான் போகும், அது போகட்டும் என்றார்.

எல்லாம் முடிந்து டிக்கெட் அச்சான பிறகு, ஒரு தாளில் தமிழில் கையால் எழுதிக் கொடுப்பேன். எல்லா ஊரிலும் சக்கர நாற்காலி சொல்லியாகிவிட்டது, கவுன்டரில் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். அமெரிக்க அதிகாரி கேள்வி கேட்பது டொரண்டோ விமான நிலையத்திலேயே. சான் பிரான்சிஸ்கோவில் இல்லை. ஃப்ரீமாண்ட் முகவரி இது. ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்காது. கூட வைத்திருக்கும் விசாத் தாளைக் காட்டுங்கள். சிட்னியில் இறங்குமுன் தரும் அட்டையில், சாப்பிடும் பொருள் எதுவும் பையில் இருந்தால் 'ஆம்' என்று குறியுங்கள். எந்த ஊரில் விமானம் தவறினாலும் யாரிடமும் காசு கொடுத்துப் புது டிக்கெட் வாங்க வேண்டாம். கவுன்டரில் இந்த ஆறெழுத்துப் பி.என்.ஆரைக் காட்டுங்கள். அந்த ஆறெழுத்தையும் பெரிதாக எழுதி இரண்டு பிரதி எடுப்பேன்: ஐயா பைக்கு ஒன்று, அம்மா பைக்கு ஒன்று.