நடுவரும் நாமும்

கால்பந்தாட்டத்தை நேசிப்பவனின் நிலை விசித்திரமானது. ஓடும் கால் அவனுடையதன்று. ஊதும் விசிலும் அவனுடையதன்று. ஆயினும் அந்தக் கால் அடிபட்டால் அவனுக்கு வலிக்கிறது. அந்த விசில் தவறினால் தன் பொருளைப் பறிகொடுத்தவன்போல் பதறுகிறான். தோல்வியை நாம் எப்படியோ தாங்கிக்கொள்கிறோம். எதிரணியினர் நன்றாக ஆடினார்கள் என்று இரண்டொரு நாளில் மனம் ஆறிவிடுகிறது. ஆற மறுப்பவை இரண்டு: நம் அணியின் சிறந்த வீரர் காயமுற்று வெளியேறுவதும், நடுவரின் கண் தவறுவதும். இவ்விரண்டும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்துவிட்டால், ஆண்டுகள் பல கடந்தும் அந்தப் பேச்சு ஓய்வதில்லை.

2018ஆம் ஆண்டு ரமலானில் அப்படி ஓர் இரவு வந்தது. மே 26ஆம் நாள் உக்ரைனின் தலைநகரான கீவ் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். லிவர்பூலும் ரியல் மாட்ரிடும் மோதின. ஆட்டம் தொடங்கும்போது நமக்கு நள்ளிரவு கடந்து கால் மணி நேரம். தராவீஹ் தொழுகைக்கும் ஸஹர் உணவுக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில், ஓசையைக் குறைத்து வைத்துக்கொண்டு தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். எகிப்து நாட்டின் முகம்மது ஸலாஹ் அந்தப் பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் மட்டும் 32 கோல்கள் அடித்திருந்தார். கோல் அடித்ததும் ஆடுகளத்திலேயே ஸுஜூதில் விழும் அந்த இளைஞரை நம் வீட்டுப் பிள்ளையாகவே வரித்திருந்தோம்.

அரை மணி நேரம்கூட அவர் முழுதாக ஆடவில்லை. மாட்ரிட் அணித்தலைவர் ஸெர்ஜியோ ராமோஸின் கையோடு அவர் கை பின்னிக்கொள்ள, இருவரும் சேர்ந்து விழுந்தனர். ஸலாஹின் தோள் தரையில் மோதியது. நடுவர் அதைக் குற்றமாகக் கருதவில்லை. சற்று நேரம் ஆடிப் பார்த்த ஸலாஹ் கண்ணீரோடு வெளியேறினார். மாட்ரிட் 3–1 என வென்றது. எகிப்து 1990க்குப் பின் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்த நேரம் அது. ஜூன் 15 அன்று உருகுவேயுடன் முதல் ஆட்டம். ஸலாஹுக்கு 26 வயது நிறைந்த நாளும், எகிப்தியருக்கு நோன்புப் பெருநாளும் அதுவே. அவரோ களமிறங்காமல் வெளியே அமர்ந்திருந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த ஒரே கோலால் எகிப்து தோற்றது. பின்னர் இரண்டு ஆட்டங்களில் அவர் ஆடி இரண்டு கோல்கள் அடித்தும், மூன்றிலும் தோற்று எகிப்து நாடு திரும்பியது.

ராமோஸ் வேண்டுமென்றே செய்தாரா? அவரைத் தண்டிக்கக் கோரும் மனுவில் இலட்சக்கணக்கானோர் கையொப்பமிட்டார்கள். உள்ளத்தில் இருந்ததை இறைவன் ஒருவனே அறிவான். நடுவரும் நாமும் காண்பது கையையும் காலையும்தான். அதைக்கொண்டே அவர் நொடிப் பொழுதில் தீர்ப்பளிக்கிறார். நாமோ அதே காட்சியைப் பத்து முறை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த நொடிக்காக அவரை ஏசுகிறோம்.

நம் மூத்தவர்களுக்கு இது புதிதன்று. 1966இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில் பிரேசிலின் பெலே பட்ட பாட்டை அவர்கள் இன்றும் சொல்வார்கள். போர்த்துகலுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் அடுத்தடுத்து உதைத்து வீழ்த்தப்பட்டார். வீழ்த்தியவர் வெளியேற்றப்படவில்லை. காயமுற்றவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்கவும் அன்றைய விதி இடம் தரவில்லை. உலகின் முதல்தர ஆட்டக்காரர் நொண்டிக்கொண்டே களத்தில் நிற்க, பிரேசில் 3–1 எனத் தோற்று வெளியேறியது. அடுத்து 1970இல் மெக்சிகோவில் நடந்த போட்டியில் மாற்று ஆட்டக்காரர்களுக்கு அனுமதி வந்தது. நடுவர் கையில் மஞ்சள், சிவப்பு அட்டைகளும் வந்தன. போக்குவரத்து விளக்குகளைக் கண்டு அட்டை முறையைச் சிந்தித்த கென் ஆஸ்டன் என்பவரும் ஒரு நடுவரே. ஆத்திரம் முறைப்பாடாகி, முறைப்பாடு விதியாக மாறிய வரலாறு இது.

நடுவர் பக்கத்து நியாயத்தைக் காண 1986க்குச் செல்வோம். ஜூன் 22, மெக்சிகோ நகரின் அஸ்டெகா அரங்கம். அர்ஜென்டினாவின் மரடோனா கையால் பந்தைத் தட்டி இங்கிலாந்துக்கு எதிராகக் கோலாக்கினார். நடுவர் துனிசியாவைச் சேர்ந்த அலீ பின் நாஸர். தமக்குத் தெளிவாகத் தெரியாததால் துணை நடுவரை நோக்கினார். அங்கே கொடி உயரவில்லை. கோல் செல்லுபடியாயிற்று. நான்கே நிமிடங்களில் மரடோனா பலரைக் கடந்து ஓடி, அந்நூற்றாண்டின் மிகச் சிறந்த கோல் என்று போற்றப்படும் கோலை அடித்தார். வழியில் அவரைத் தடுத்து வீழ்த்த முயன்றபோது விசில் ஊதாமல் ஆட்டத்தைத் தொடரவிட்டவரும் இதே பின் நாஸர்தான். முதற் கோலுக்காக அவரைப் பழிக்கும் உலகம், இரண்டாம் கோலில் அவருக்கிருந்த பங்கை நினைப்பதில்லை. 2015இல் மரடோனா துனிசியாவுக்குச் சென்று அவரைக் கண்டு, கையொப்பமிட்ட சட்டை ஒன்றை அன்பளித்தார்.

கண் தவறினால் கருவி காட்டட்டும் என்று உலகம் முடிவு செய்தது. 2018 உலகக் கோப்பையில் காணொலி உதவி நடுவர் முறை வந்தது. முறையீடுகள் அதனால் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 2023 செப்டம்பர் 30 அன்று லண்டனில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல், ஆஃப்சைடு என மறுக்கப்பட்டது. அவர் ஆஃப்சைடில் இல்லையெனக் கருவி காட்டியது. அதனைப் பார்த்த அதிகாரியோ, களத்தில் கோல் வழங்கப்பட்டதாக எண்ணிக்கொண்டு, “சரிபார்ப்பு முடிந்தது” என்று மட்டும் தெரிவித்துவிட்டார். தவறு புரிவதற்குள் ஆட்டம் மீண்டும் தொடங்கியிருந்தது. லிவர்பூல் 2–1 எனத் தோற்றது. அது மனிதத் தவறே என நடுவர் அமைப்பு பின்னர் ஒப்புக்கொண்டது.

காயங்களைப் பற்றியும் ஒரு சொல். வீரர் விழும்போதெல்லாம் எதிரியின் காலையே நாம் தேடுகிறோம். பெருகிவிட்ட ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டி அணியின் ரோட்ரி, இந்தச் சுமை தொடர்ந்தால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலை வெகுதூரத்தில் இல்லை என்றார். அதே வாரத்திலேயே ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்காலின் முக்கியத் தசைநார் கிழிந்தது. அடுத்த மாதம் உலகின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதை அவர் ஊன்றுகோல்களுடன் வந்து பெற்றுக்கொண்டார். வாரம் இரண்டு ஆட்டம் வேண்டுமென்று கேட்பவர்கள் யார்? இரவு விழித்துக் காத்திருக்கும் நாம்தாமே! நமது ஆசையே விற்பனைப் பொருளாகி, அதன் விலையை அந்த முழங்கால்கள் செலுத்துகின்றன.

ரசிகனின் ஆத்திரம் அன்பிலிருந்து பிறக்கிறது என்பதை ஏற்கிறோம். ஆனால் அது கரை கடந்தால் என்னவாகும் என்பதற்கு 1964 மே 24 சாட்சி. பெரு நாட்டின் லீமா நகரில், அர்ஜென்டினாவுடன் ஒலிம்பிக் தகுதி ஆட்டம். முடிவுறும் நேரத்தில் பெரு அடித்த கோலை நடுவர் மறுத்தார். சிலர் களத்துக்குள் பாய்ந்தனர். காவலர் கண்ணீர்ப்புகை வீசினர். கூட்டம் வாயில்களை நோக்கி ஓடியது, வாயில்கள் மூடியிருந்தன. இறந்தோர் 328 பேர் என்பது அரசின் கணக்கு. நம் நாட்டிலும் 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் தோட்டத்தில், மோகன் பகானும் கிழக்கு வங்காள அணியும் ஆடியபோது, களத்தில் மூண்ட சச்சரவு பார்வையாளரிடையே பரவி 16 உயிர்களைக் குடித்தது. ஆட்டம் பார்க்க வீட்டில் சொல்லிவிட்டுப் போன பிள்ளைகள் அவர்கள். எந்தக் கோலும் அவர்களைத் திருப்பித் தரவில்லை.

நம் வீட்டுச் சிறுவர்கள் திரையை மட்டும் பார்ப்பதில்லை. திரையின் முன் அமர்ந்திருக்கும் நம்மையும் பார்க்கிறார்கள். தனக்குச் சாதகமான தீர்ப்பளித்தவர் நீதிமான், பாதகமாக அளித்தவர் கைக்கூலி என்ற பாடத்தை அவர்கள் நம் வாயிலிருந்துதான் கற்கிறார்கள். நாளை வாப்பா சொல்லும் தீர்ப்பையும், ஆசிரியர் சொல்லும் தீர்ப்பையும், ஜமாஅத்தார் சொல்லும் தீர்ப்பையும் அதே அளவுகோலால்தான் அளப்பார்கள். தீர்ப்பு தவறென்றால் தவறென்று சொல்லலாம், முறையிடலாம், விதியை மாற்றும்படி வற்புறுத்தலாம். பெலேயின் காயத்துக்குப் பின் நிகழ்ந்தது அதுதான். ஏசுவதற்கும் கல்லெறிவதற்கும் மட்டும் உரிமை கிடையாது. மாலைதோறும் நம் ஊர்த் திடலில் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அவர்களுக்கு இடையே விசிலோடு நிற்க யாரேனும் ஒருவர் துணிந்து வர வேண்டுமல்லவா?