புகை போகும் வழி

எரிந்து முடிந்த புகைக்கு இனி என்ன வேலை என்றுதான் எவரும் நினைப்பர். அந்தப் புகையிடமும் இன்னும் வேலை வாங்கலாம் என்று கண்டவர் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூச்சி. வெளியேறும் வெப்பக் காற்றால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் வலிமையால் புதுக்காற்றை அழுத்தி இயந்திரத்துள் செலுத்தும் முறைக்கு 1905ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். 1962இல் அமெரிக்காவில் அது மகிழுந்துகளிலும் இடம்பெற்றது. மலேசியாவில் 2012இல் வெளிவந்த புரோட்டோன் பிரேவேயின் 1.6 லிட்டர் டர்போ இயந்திரம் 138 குதிரைத்திறன் கொண்டது.

கிள்ளானில், வரிசை வீடொன்றில் வாழும் இளைஞன் ஒருவன் அத்தகைய பழைய மகிழுந்தொன்றை வாங்கினான். துறைமுகத்தில் வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு. அவன் தந்தைக்கோ கையுறைத் தொழிற்சாலையில் இரவுப் பணி. பகலே அவருக்கு இரவு.

சாலையோரப் பட்டறை ஒன்றில் மகிழுந்தை விட்டான். அங்கே ஒலியடக்கிகளையும், நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கியையும் அறுத்தெடுத்து, மூன்று அங்குலக் குழாயை நேராகப் பற்றவைத்துக் கொடுத்தனர். மறுநாளே முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முடுக்கினால் காற்றழுத்தம் அளவு மீறி ஏறியது. ஓசையைச் சொல்லவே வேண்டாம். தெரு முனையில் திரும்பும்போதே தாமான் முழுவதும் அறிந்துகொண்டது. வாகன இரைச்சலுக்கு எல்லை வகுக்கும் விதிகள் மலேசியாவில் 1987இலேயே இயற்றப்பட்டன. இளைஞர் பலர் அவற்றை அபராதம் கட்டும் நாளில்தான் அறிகின்றனர்.

தந்தை ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் பிற்பகல் வீடு திரும்பிய மகன், அவருடைய பாய் முன்னறையில் இல்லாததைக் கண்டான். அது பின்கட்டில், சமையல் அடுப்புக்கு அருகில் விரிக்கப்பட்டிருந்தது. அங்கேதான் ஓசை சற்றுக் குறைவாம்.

அடுத்த வாரமே மகன் வேறொரு பட்டறைக்குச் சென்றான். அங்கிருந்த முதியவர் குழாயை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, உனக்கு வேண்டியது வேகமா, சத்தமா?" என்று கேட்டார்.

"வேகந்தான் அண்ணே."

"அப்படியானால் சத்தத்துக்கு ஏன் காசு கொடுத்தாய்?"

கேள்வி எளிது, அதனுள் பொருள் நிறைய உண்டு. டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழல வல்லது. அதற்கு முன்னே அழுத்தம் மிகுந்தும் பின்னே குறைந்தும் இருந்தால்தான் அது விரைந்து சுழலும். எனவே சக்கரத்தை ஒட்டிய முதற்குழாய் தாராளமாக இருப்பதில்தான் பெரும்பயன். கடைசி ஒலியடக்கியை மட்டும் மாற்றுவோர்க்குப் பெரும்பாலும் கிடைப்பது ஓசையே. வழி அளவுக்கு மீறித் திறந்துவிட்டாலோ, மிகைக் காற்றை விலக்கும் சிறு கதவு ஈடுகொடுக்க இயலாமல் அழுத்தம் கட்டுமீறும். எரிபொருளளவைத் தீர்மானிக்கும் கணினியையும் அதற்கேற்பத் திருத்தாவிடில் இயந்திரத்துக்கே கேடு. பழைய பட்டறை இவற்றுள் ஒன்றையும் எண்ணிப் பார்க்கவில்லை.

முதியவர் வினையூக்கியை மீண்டும் பொருத்தச் சொன்னார். அவ்வியந்திரத்துக்கு இரண்டரை அங்குலமே போதும் என்றார். வளைவுகள் நசுங்காத துருப்பிடிக்காத எஃகுக் குழாய், இயந்திரம் குலுங்கும்போது பிளவுபடாதிருக்க நெளியும் இணைப்பு, நெடுஞ்சாலையில் காதைத் துளைக்கும் ரீங்காரத்தைத் தணிக்க நடுவில் ஓர் அடக்கி, பின்னே மற்றொன்று. வளைவு நசுங்கினால் மூன்றங்குலக் குழாயும் அவ்விடத்தில் குறுகிவிடும் என்பதை, அறுத்தெடுத்த துண்டொன்றைக் காட்டி விளக்கினார். பட்டறைச் சுவரில் சான்றிதழ் ஏதும் தொங்கவில்லை, ஆயினும் நல்லாசிரியர்தாம். கணினித் திருத்தத்தை அவர் தம் கையால் செய்யவில்லை. அதற்குரிய கருவி உள்ளவரிடம் அனுப்பினார். அதுவும் ஒரு நேர்மையே.

இரண்டு முறை செலவழித்ததில் சேமிப்பு கரைந்தது. ஆனால் டர்போ முன்னினும் விரைவாக விழித்துக்கொண்டது, விளக்கும் அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமை தந்தையை உடன் ஏற்றிக்கொண்டு சந்தைக்குச் சென்றான். அவர் சன்னலைத் தாழ்த்திச் சிறிது நேரம் உற்றுக்கேட்டார்.

"இவ்வளவு வெள்ளி செலவழித்தாயே ஐயா, பழைய சத்தந்தானே வருகிறது?"

"ஆமாம் அப்பா," என்றான் மகன்.