கடிப்பவை பிறக்கும் இடம்

ஆடி 2

விடிந்தும் விடியாமல் லாயத்தில் குளம்புச் சத்தம். செவலைக் குதிரை முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தரையில் அறைந்துகொண்டிருந்தது. முதுகில் ஈ இல்லை. முழங்காலுக்குக் கீழேதான் மொய்ப்பு. பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும். ஆனால் வாய் ஊசியாக முன்னால் நீண்டிருக்கும். லாயங்களில் கால்களைக் குறிவைக்கும் இந்த ஈயில் ஆணும் பெண்ணும் இரத்தம் குடிப்பவை. குதிரை பார்க்கிற அண்ணன் வேப்பெண்ணெய் பூசினார். கொஞ்ச நேரம் அடங்கியது. வெயில் ஏறியதும் பழையபடி உதறல்.

“எண்ணெய் காஞ்சா ஈ வந்துருமுங்க. அது எங்கிருந்து வருதுன்னு பாக்கோணும்” என்றார்.

ஆடி 4

பார்த்தோம். தண்ணீர்த் தொட்டி கசியும் மூலையில் மூத்திரமும் லத்தியும் ஊறி மக்கிய வைக்கோல். குச்சியால் கிளறினால் அடியில் வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. இந்த வெக்கையில் முட்டை ஈயாக இரண்டு மூன்று வாரம் போதும். அதற்குள் ஈர வைக்கோலை அள்ளிவிட்டால் அடுத்த தலைமுறை பிறக்காது. அள்ளியதை வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காய விட்டோம். மீதியைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். குவியலின் உள்சூடே புழுவைக் கொன்றுவிடும். தொட்டிக் குழாய்க்குப் புது வாசர்.

ஆடி 7

இன்று உண்ணி வேட்டை. காதுக்குள், பிடரி மயிருக்கு அடியில், வாலடியில், தொடையிடுக்கில் என்று மறைவிடம் பார்த்துத்தான் ஒட்டும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தோம். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பீடிச் சூடு வைப்பதும் இங்கே ஆகாது. குதிரைக்கு உண்ணி வெறும் அரிப்பு அல்ல. பபீசியா, தைலேரியா என்ற ஒட்டுண்ணிகளை இரத்தத்தில் ஏற்றிவிடும். காய்ச்சல், சோகை, மஞ்சள் பூத்த கண்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். புட்டியில் அமிட்ராஸ் என்று போட்டிருந்தது. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். “குதிரைக்கு வேண்டவே வேண்டாம். குடல் அசைவு நின்று சாணம் கட்டிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து” என்றார். குதிரைக்கென்று விற்கும் பெர்மெத்ரின் மருந்தை எழுதிக் கொடுத்தார். அதைப் பூனையிடம் அண்டவிடக் கூடாது என்றும் சொன்னார். லாயத்துப் பூனையை வீட்டுத் திண்ணைக்கு மாற்றியாயிற்று.

இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாம் குதிரைமேல் பார்ப்பது அதன் வாழ்நாளில் ஒரு பகுதிதான். மத்தியானம் முழுக்கச் சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்தோம்.

ஆடி 11

வாய்க்கால் ஓரம் மேயவிட்டால் உச்சி வெயிலில் பெரிய மாட்டு ஈக்கள். தோலைக் கிழித்து, கசியும் இரத்தத்தை நக்கும். இவற்றில் கடிப்பது பெண் மட்டுமே. முட்டை வளர இரத்தம் வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் நின்றும் கறுப்புக் குதிரைக்கு நிறைய, வெள்ளைக்குக் கொஞ்சம். அங்கேரி நாட்டு காபோர் ஹோர்வாத்தின் குழு 2010இல் இதற்குக் காரணம் சொன்னது. இந்த ஈக்கள் நீர்ப்பரப்பில் பட்டு முனைவாக்கம் பெற்ற ஒளியை வைத்துத் தண்ணீரைக் கண்டுபிடிக்கின்றன. பளபளக்கும் கறுத்த மயிரும் அப்படிப்பட்ட ஒளியைத் திருப்புகிறது; வெள்ளை மயிர் அதைச் சிதறடிக்கிறது. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2016இல் இதற்குக் கிடைத்தது. 2019இல் இங்கிலாந்தில் டிம் கேரோவின் குழு குதிரைகளுக்கு வரிக்குதிரைக் கோடு போட்ட போர்வை போர்த்திப் பார்த்தது. போர்வைமேல் உட்கார்ந்த ஈ குறைந்தது. மூடாத தலையில் எப்போதும்போல் உட்கார்ந்தன.

பழைய வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்து, கறுப்பின் முதுகுக்குப் போட்டோம். மேய்ச்சலையும் காலைக்கு மாற்றினோம்.

ஆடி 15

அந்தி மசங்கும் நேரத்தில் வேறொரு கூட்டம். கொசுவைவிடப் பொடிசு, கண்ணில் படாது. இந்தக் கடி ஒத்துக்கொள்ளாத குதிரை பிடரியையும் வாலையும் தூணில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். இவற்றுக்கு எதிர்க்காற்றில் பறக்கத் தெம்பில்லை. பொழுது சாய்வதற்கு முன்னால் குதிரைகளை உள்ளே கட்டி மின்விசிறியை ஓடவிட்டோம். மருந்தே இல்லாமல் தேய்ப்பு குறைந்தது.

ஆடி 20

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் கிளம்பும் வேலை. கத்தியவார், மார்வார் என்று எங்கெங்கிருந்தோ வந்த குதிரைகள் ஒரே வரிசையில் நிற்கும். ‘சுர்ரா’ காய்ச்சலை நினைத்தால்தான் கவலை. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, அடிவயிற்று வீக்கம். 1880இல் தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர், செத்துக்கொண்டிருந்த குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் இதன் கிருமியைக் கண்டார். இதைப் பரப்புவது கடிக்கும் ஈதான். கடி வலித்ததும் குதிரை வாலால் விரட்டும். பாதி குடித்த ஈ, வாயில் அந்த இரத்தத்தோடு அடுத்த குதிரைக்குப் போகும். அதனால் இடைவெளியே காவல். அமெரிக்காவில் ஈக்கள் பரப்பும் குதிரைத் தொற்றுச் சோகை கண்ட குதிரையை மற்றவற்றிடமிருந்து 200 கஜம் தள்ளி வைக்கிறார்கள். சந்தையில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போக? வரிசையின் கடைசியில் இடம் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். திரும்பியதும் லாயத்துக்கு வராமல் தென்னந்தோப்பில் தனியாகக் கட்டி, இரத்தப் பரிசோதனை.

ஆடி 29

தோப்பில் கட்டிய செவலைக்குப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. ஆனால் லாயத்தில் ஈ மறுபடி தலைகாட்டுகிறது. நம் மூலை சுத்தம்; வேலிக்கு அந்தப்பக்கம் அக்காவின் கட்டுத்தறியில் ஈர வைக்கோல் குவிந்து கிடக்கிறது. போய்ச் சொன்னேன்.

“எங்க எருமையும் கால ஒதறிட்டேதான் நிக்குது சாமி” என்றார்.

ஈக்கு வேலிக் கணக்கு கிடையாது. இனி இரண்டு வீட்டுக் குப்பையும் ஒரே நாளில் அள்ளுவதாகப் பேச்சு. ஐப்பசி மழைக்கு முன்னால் தரையைச் சரிவாகப் பூசி மூத்திரம் ஓடக் கால் எடுக்கவேண்டும். லாயத்துக்கும் கட்டுத்தறிக்கும் சேர்த்தே கொத்தனாரிடம் கூலி பேசிவிட்டோம்.