மணிக்கு நைட் டியூட்டி

எங்கள் வீட்டுப் பூனை பெயர் மணி. மூன்று வேளையும் பால்சோறு, ஞாயிறு என்றால் மீன் தலை. அப்படியும் போன மாதம், எலுமிச்சைச் செடியடியில் பறக்கப் பழகிய தையல்சிட்டுக் குஞ்சைக் கவ்விக்கொண்டு வந்தது. தின்னக்கூட இல்லை, திண்ணையில் போட்டுவிட்டுப் போய்விட்டது. தாய்ச்சிட்டு அன்று முழுக்கக் கத்தியது. பசி வேறு, வேட்டைக் குணம் வேறு!

அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்குக் குறைந்தது 130 கோடிப் பறவைகளைக் கொல்வதாக 2013-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. (அதில் பெரும்பங்கு வீடில்லாத பூனைகளின் வேலை. மணி சார்பாக இதையும் சொல்லிவிடுகிறேன்!) நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894-இல் கலங்கரை விளக்கம் வந்தது, கூடவே பூனைகளும் வந்தன. அங்கே இருந்த, பறக்கத் தெரியாத ஒரு சின்னக் குருவி இனம் சீக்கிரமே உலகத்தில் இல்லாமல் போனது.

"பூனையைப் பூட்டி வச்சா எலியை யாருடா பிடிப்பா?" என்று அம்மாச்சி கேட்டது. நியாயம்தானே? நெல் மூட்டையை எலி கடித்தால் நஷ்டம் எங்களுக்குத்தான். ஆனால் எலி வருவது ராத்திரியில். குருவிகள் இரை தேடத் தரையில் இறங்குவது விடியலில். அதனால் இப்போது பொழுது சாய்ந்ததும் மணி நெல் அறைக்குள். காலை எட்டு மணிக்குத்தான் கதவு திறக்கும். போன வாரம் இரண்டு எலி! ஆனால் அஞ்சு மணிக்கே கத்த ஆரம்பிக்கிறது, அண்ணனுக்குத் தூக்கம் போச்சு. பகலில் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அணில் பாடு திண்டாட்டம்தான்.